தொப்பி பேட்ஜை அப்புறம் பார்க்கலாம்: பழைய ராணுவப் படத்தில் எதை முதலில் தேடுவது?

வணக்கம். இன்றைக்கு ஒரு படத்தை வைத்துக்கொண்டே பேசப் போகிறேன். திரையில் தெரிகிறதா? என் பாட்டியின் அப்பா. தலைப்பாகை, காக்கி உடுப்பு, தோளில் குறுக்கே ஒரு தோல்பட்டை, முறைப்பான முகம். "அவர் கர்னலாக இருந்தார்" என்று வீட்டில் சொல்வார்கள். பழைய ராணுவப் படம் இருக்கிற வீடுகளில் பாதிப் பேர் கர்னல்தான். சாதாரணச் சிப்பாயாக யாருமே சேரவில்லை போல!

இப்படி ஒரு படம் கையில் கிடைத்ததும் எல்லோரும் தொப்பி பேட்ஜைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. முதலில் காலத்தைப் பிடியுங்கள். காலம் தெரியாமல் பேட்ஜைத் தேடினால் எல்லா ரெஜிமென்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதனால் படத்தைத் திருப்புங்கள். அப்போது படங்களை அஞ்சலட்டைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி சேதிக்கு, மறு பாதி முகவரிக்கு என்று இருந்தால், பிரிட்டனில் அது 1902-க்கு முந்தியதாக இருக்க முடியாது; அமெரிக்காவில் 1907. ஸ்டுடியோ முத்திரை இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் சட்டை. நான் அதிகம் பார்ப்பது பிரிட்டிஷ் பாணிக் காக்கி என்பதால் அதையே சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே இறங்கும் கோட்டு, முன்னால் ஐந்து பொத்தான், கழுத்துவரை மூடிய காலர் என்றால் 1902-இல் வந்த சர்வீஸ் டிரெஸ். முதல் உலகப் போர்ப் படங்களில் பெரும்பாலும் இதுதான். இடுப்போடு நின்றுவிடும் குட்டைச் சட்டை பேட்டில் டிரெஸ், அதாவது இரண்டாம் உலகப் போர். அதிலும் பையில் மடிப்பு இல்லாமல், பொத்தான்கள் வெளியே தெரிந்தால், துணியை மிச்சம் பிடிக்க 1942 முதல் வந்த வகை. வெயில் நாடுகளில் இருந்தவர்கள் டிரில் என்கிற பருத்தித் துணிச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக நிற்பார்கள். அங்கே இந்தக் கணக்கு உதவாது.

எனக்கு மிகவும் பிடித்தது கைதான். படத்தைப் பெரிதாக்குகிறேன், மேல்கையைப் பாருங்கள்: கூர்முனை கீழே பார்க்கிற மூன்று பட்டைகள். காலாட்படை என்றால் ஹவில்தார், குதிரைப்படை என்றால் டபேதார்; இரண்டுமே சார்ஜென்டுக்குச் சமம். கர்னல் பதவி அந்த இடத்திலேயே போய்விட்டது. இதே மாதிரிப் பட்டைகள் இடது முன்கையில், கூர்முனை மேலே பார்த்தபடி இருந்தால் பிரிட்டிஷ் படையில் அது பதவியே இல்லை. ஒழுங்காக வேலை பார்த்ததற்கான அடையாளம். முதல் பட்டை 2 ஆண்டில் கிடைக்கும். அதைப் பார்த்து சார்ஜென்ட் என்று எழுதிவைத்த ஆல்பங்கள் நிறைய. வலது முன்கையில் சின்னச் சின்னதாக, அதேபோல மேலே பார்த்த பட்டைகள் என்றால் வெளிநாட்டில் போர்க்காலச் சேவை. அதைக் கொடுக்கத் தொடங்கியதே 1918-இல்தான். இடது முன்கையில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இருந்தால் காயம் பட்டவர். அது 1916-இல் வந்தது. பாருங்கள், ஒரு கை மட்டுமே இவ்வளவு தேதி சொல்கிறது!

கால்களையும் விடாதீர்கள். புட்டீஸ் என்று ஒரு நீளத் துணியைச் சுற்றியிருப்பார்கள் இல்லையா, அதை முடிக்கிற நாடா எங்கே இருக்கிறது? முழங்காலுக்குக் கீழே என்றால் நடந்து போகிற படை. கணுக்காலில் என்றால் பொதுவாகக் குதிரை ஏறுகிறவர்கள். எங்கள் ஆளுக்குக் கணுக்காலில். தோளில் தோட்டாப் பட்டை வேறு. அதனால் டபேதார் பக்கம்தான் சாய்கிறேன். பீரங்கிப் படையிலும் குதிரை உண்டு என்பதால் இன்னும் சத்தியம் செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். பதக்க ரிப்பனை வெறும் சாம்பல் நிறத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். இடது மார்பில் இருக்க வேண்டிய பதக்கம் வலது மார்பில் தெரிகிறதா? படம் இடவலமாக மாறி அச்சாகியிருக்கலாம். தகரத் தட்டிலேயே நேரடியாக எடுத்த பழைய படங்கள் எல்லாமே அப்படித்தான். பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே வரும். மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவு ஆப்பில் போட்டுத் 'தெளிவாக்கி' அனுப்புகிறார்கள். அது தெளிவாக்கவில்லை, இல்லாத பேட்ஜை வரைந்து வைத்திருக்கிறது. தயவுசெய்து அசலை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அது போதும்.

சரி, இப்போது பேட்ஜுக்கு வரலாம். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் குறுக்காக, மேலே கிரீடம் என்றால் மெஷின் கன் கோர். அந்தப் படை 1915-இல் பிறந்து 1922-இல் கலைந்தது, ஆகவே காலமும் கூடவே கிடைத்துவிட்டது. இந்தியப் படையில் தோளில் 129 மாதிரி பெரிய எண் இருந்தால் 1922-க்கு முந்தியது. அந்த ஆண்டு ரெஜிமென்ட்களை ஒன்றுசேர்த்து எண்களை மாற்றிவிட்டார்கள். கிரீடத்துக்குப் பதில் சிங்க முகம் என்றால் 1950-க்குப் பிறகு.

இவ்வளவும் பார்த்த பிறகு பீரோவில் பதக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்க விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குப் பொறித்தார்கள். ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பினால் சிரமம்தான்: முதல் போர் வீரர்களின் பிரிட்டிஷ் கோப்புகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்தது, அமெரிக்காவில் 1973 தீயில் 1.6 கோடிக்கும் மேல் போனது.

கடற்படைப் படங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் போரில் தொப்பி நாடாவிலேயே கப்பல் பெயர் இருக்கும். இரண்டாம் போரில் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று வெறும் எச்.எம்.எஸ். (பிரிட்டிஷ் அரசரின் கப்பல் என்பதன் சுருக்கம்) மட்டும். அங்கே வேறு வழியில் போக வேண்டும், அதை அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன்.