தேய்பிறையில் போங்கள்: ஒளிரும் கடல் தேடும் அப்பாவுக்கும் மகளுக்கும்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை, அதனால் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் எடுக்கிறேன். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் அவரும் எட்டு வயது மகளும் மட்டும் நான்கு இரவு ஏதாவது ஒரு கரீபியன் தீவுக்குப் போக வேண்டும். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் அமெரிக்காவில் பிறந்தவள். அப்பாவின் எச்-1பி வேலை விசா நீட்டிப்புக் கடிதம், அதாவது ஐ-797, கையில் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதி. "எந்தத் தீவு நல்லது?" என்கிறார்.

இதுவரை வழக்கமான கேள்விதான். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ராத்திரியில் கடல் நீலமாக ஒளிருமாமே, அது எந்த ஊரில் என்று மகள் கேட்கச் சொன்னாள்."

அப்பா கேட்டதைவிட மகள் கேட்டது நல்ல கேள்வி. ஆனாலும் அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

விசா முத்திரை காலாவதியாகி, ஐ-94 (எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) மட்டும் செல்லுபடியாக இருந்தால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்ப ஒரு சலுகை உண்டு. பலரும் அது கரீபியனுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தீவுகளுக்கு அந்தச் சலுகை மாணவர்களுக்கான எஃப், பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கான ஜே விசாக்காரர்களுக்குத்தான், எச்-1பிக்கு இல்லை. இவர் பார்படாஸுக்குப் போனால் அங்கே உள்ளே விடலாம். திரும்பி வருவதற்குத்தான் வழி இருக்காது. மகள் அமெரிக்கக் குடிமகள், அவள் வந்துவிடுவாள். அப்பா அங்கேயே தூதரக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே பதில் புவேர்ட்டோ ரிக்கோ. அது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. நெவார்க்கிலிருந்து சான் ஹுவானுக்கு நேர் விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். உள்நாட்டுப் பயணம், குடிவரவு வரிசை கிடையாது, டாலர்தான், ஃபோனும் வேலை செய்யும். ஏப்ரலில் எடிசன் கடிகாரமும் சான் ஹுவான் கடிகாரமும் ஒரே நேரம் காட்டும், குழந்தையின் தூக்கம் கெடாது. ஆனால் நேர் விமானமாகவே எடுங்கள், வேறு நாட்டில் இறங்கி மாறுகிற டிக்கெட் வேண்டாம். பாஸ்போர்ட், ஐ-797, ஐ-94 மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று.

பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்றால், இது நம் ஆட்களுக்கே உள்ள சிக்கல். அப்பா பெயர் செந்தில், தாத்தா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முருகேசன். மகளுக்குக் குடும்பப் பெயர் செந்தில். அம்மாவுக்கு அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! கவுண்டரில் இருப்பவருக்கு இந்த இருவரும் யாரோ எவரோ. உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் வேறு நாட்டுக்குத் தனியாகப் பிள்ளையை அழைத்துப் போகிற அம்மாவோ அப்பாவோ, மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோவது நல்லது. அமெரிக்க எல்லைத் துறையே அதைத்தான் பரிந்துரைக்கிறது.

சரி, காகிதம் முடிந்தது. இப்போது எங்கே தங்குவது? பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். அரை மணி விதி! குழந்தை படுக்கிற கட்டிலுக்கும் குழந்தை பார்க்க வந்த விஷயத்துக்கும் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதை எத்தனை வீடியோவில் சொன்னாலும் அடுத்த கடிதத்தில் "ஊர் நடுவில் நல்ல ஓட்டல் கிடைத்தது சார், கடல் ஒன்றரை மணி நேரம்தான்" என்று எழுதுகிறீர்கள்.

இங்கே பார்க்க வந்தது ஒளிரும் கடல். புவேர்ட்டோ ரிக்கோவில் அது மூன்று இடத்தில் இருக்கிறது. வியேகெஸ் தீவில் மொஸ்கிட்டோ விரிகுடா. கின்னஸ் புத்தகத்தில் உலகிலேயே பிரகாசமானது என்று இடம் பிடித்தது இதுதான். ஆனால் சேய்பா துறையிலிருந்து ஃபெர்ரியில் போக வேண்டும், அங்கே ஓர் இரவு தங்க வேண்டும். நான்கு இரவுப் பயணத்தில் அது ஒரு நாளைத் தின்றுவிடும். இரண்டாவது தென்மேற்கில் லா பார்கேரா. தண்ணீரில் இறங்க அனுமதி உள்ளது அங்கேதான். சான் ஹுவானிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மூன்றாவது ஃபஹார்டோவில் லகூனா கிராண்டே, சான் ஹுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஒரு மணி நேரம்தானே, சான் ஹுவானில் தங்கிக்கொண்டு போய் வரலாமே என்பீர்கள். போகும்போது சரி. திரும்பும்போது இரவு பத்து மணி, குழந்தை நனைந்திருக்கும், பசிக்கும், அறிமுகமில்லாத சாலை, அந்நேரத்தில் ஃபஹார்டோவில் வாடகை வண்டி கிடைப்பதும் சிரமம். அதனால் லுகீயோவிலோ ஃபஹார்டோவிலோ தங்குங்கள். லுகீயோ கடற்கரை பவளத்திட்டு காக்கிற அமைதியான கடல், தென்னை நிழல் உண்டு. அங்கிருந்து ஃபஹார்டோ இருபது நிமிடம், எல் யுன்கே மழைக்காட்டு வாசலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அரை மணி விதி கச்சிதமாக உட்காருகிற ஊர்! கார் எடுத்தே ஆக வேண்டும். அங்கே சாலையில் தூரம் கிலோமீட்டரில் இருக்கும், வேக வரம்பு மைலில் இருக்கும், பெட்ரோல் லிட்டரில் விற்பார்கள். எட்டு வயதுக்காரியிடம் சொன்னால் வழி முழுக்க கணக்குப் போட்டுக்கொண்டே வருவாள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மகளுக்குச் சொல்லுங்கள், அந்த ஒளி ஓர் உயிர். பைரோடினியம் பஹாமென்சே என்கிற ஒற்றைச் செல் உயிரி, கண்ணுக்குத் தெரியாத அளவு. துடுப்போ மீனோ கையோ தண்ணீரை அசைத்தால் லூசிஃபெரின் என்கிற பொருள் அதன் உடலுக்குள் வினைபுரிந்து நீலப் பச்சையாக ஒரு நொடிக்கும் குறைவாகப் பளிச்சிடும். தன்னைத் தின்ன வருகிற சிறு உயிரினத்தைத் திடுக்கிட வைக்கத்தான் இந்த ஏற்பாடு. எல்லாக் கடலிலும் இது இத்தனை கூட்டமாகச் சேராது. சுற்றிலும் அலையாத்தி மரங்கள் வேண்டும், அதன் இலை விழுந்து மக்கி உணவாக வேண்டும். விரிகுடாவின் வாய் குறுகலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடல் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபோது மொஸ்கிட்டோ விரிகுடா சில மாதம் இருண்டே கிடந்தது, பிறகு மெல்ல மீண்டது.

இதைப் பார்க்க இருட்டு வேண்டும். நிலா வெளிச்சத்தில் பாதி போய்விடும். எல்லோரும் "அமாவாசைக்குப் போங்கள்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பள்ளி விடுமுறை அமாவாசை பார்த்தா வரும்? நான் சொல்வது, தேய்பிறையா வளர்பிறையா என்று பாருங்கள். வளர்பிறையில் சூரியன் மறையும்போதே நிலா மேலே நிற்கும். பௌர்ணமி கழிந்து நான்கு நாள் ஆனால் நிலா உதிக்க இரவு பத்து மணி ஆகிவிடும். ஏப்ரலில் அங்கே ஏழு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆக, தேய்பிறையில் ஏழரை மணிப் படகுக்கு நல்ல இருட்டு. நள்ளிரவுவரை விழித்திருக்க முடியாத குழந்தைக்கு இதைவிட வசதி கிடையாது. வீட்டில் தினசரி காலண்டர் கிழிக்கிறவர் யாராவது இருந்தால் கேளுங்கள், ஒரே நொடியில் சொல்லிவிடுவார்கள். விமானக் கட்டணம் பார்ப்பதற்கு முன் திதியைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இணையத்தில் பார்க்கிற படங்கள் கேமராவை நிறைய நேரம் திறந்து வைத்து எடுத்தவை. நேரில் கடல் முழுக்க டியூப் லைட் மாதிரி எரியாது. துடுப்பு போகிற இடத்தில் ஒளித்தூள் சிதறும், கையை விட்டு எடுத்தால் விரல் வழியே வடியும். அதை முன்பே சொல்லிவிட்டால் குழந்தை ஏமாறாது. இன்னொன்று, லகூனா கிராண்டேயில் நீந்த அனுமதி இல்லை. கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் பூசிக்கொண்டு போக வேண்டாம், அந்த உயிரிகளுக்கு அது ஆகாது. முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். போகிற வழி அலையாத்திக் கால்வாய்க்குள், கும்மிருட்டு, இருவர் அமரும் கயாக்கில் துடுப்பு முழுக்க அப்பா கைதான். தோள் வலி உள்ளவர்கள் மின்சாரப் படகில் அழைத்துப் போகிறவர்களைப் பிடியுங்கள். குழந்தைக்கு வயது வரம்பு ஒவ்வொருவரிடமும் வேறு, கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படகை இரண்டாம் இரவுக்குப் பதிவு செய்யுங்கள். மழை கொட்டி ரத்தானால் மூன்றாம் இரவு கையில் இருக்கும். கடைசி இரவுக்கு வைத்தால் போச்சு.

மற்ற நாட்கள்? ஒரு நாளைக்கு ஒன்று. என் மகன் ஐந்து வயதில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த குலேப்ரா தீவின் ஃப்ளமென்கோ கடற்கரைக்கு வந்தான். உலகின் அழகான கடற்கரைப் பட்டியல்களில் அடிக்கடி வருகிற இடம், மணல் மாவு போல இருக்கும். அங்கே அமெரிக்கக் கடற்படை பயிற்சி நடத்திய காலத்தில் விட்டுப் போன டாங்கி ஒன்று துருப்பிடித்து, மேலெல்லாம் வண்ணம் பூசிக் கிடக்கிறது. பயிற்சி 1975-இல் நின்றது, டாங்கி மட்டும் இருக்கிறது. அவன் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலை முழுக்க டாங்கி, அதன் நிழலில் ஒரு துறவி நண்டு. அப்பா அம்மா இருவரும் வந்திருந்தால் ஒருவர் "கடலுக்கு வா" என்று இழுத்திருப்போம். நான் தனியாக இருந்தேன், உட்கார்ந்துவிட்டேன். அவன் பாட்டுக்குப் பேசினான். பள்ளியில் நடந்தது, பிடிக்காத டீச்சர், எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நீங்கள் எந்தத் தீவு என்று கேட்டீர்கள். பிள்ளையோடு ஒற்றை ஆளாகப் போவது எப்படி என்று யாராவது கேட்டிருந்தால் நான் இதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

சரி, வழிக்கு வருகிறேன். ஒரு காலை எல் யுன்கே. அமெரிக்காவின் தேசிய வனங்களில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றுதான். 191-ஆம் எண் சாலையில் போனால் லா கோகா அருவி காரிலிருந்தே தெரியும், யொகாஹு கோபுரத்தில் ஏறலாம். மழை வரும், கட்டாயம் வரும், மாற்று உடுப்பு எடுத்துப் போங்கள். இருட்டியதும் விடுதி ஜன்னல் வழியே "கோ-கீ, கோ-கீ" என்று கேட்கும். அது கொக்கீ தவளை, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்.

இன்னொரு நாள் பழைய சான் ஹுவான். ஸ்பானியர் 1539-இல் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டைக்கு முன்னால் பெரிய புல்வெளி, கடல் காற்று. உள்ளூர்க் குடும்பங்கள் பட்டம் விட வரும், அங்கே அதற்குச் சிரிங்கா என்று பெயர். வழியிலேயே விற்பார்கள், ஒன்று வாங்கிவிடுங்கள். கோட்டைக்குள் நேரம் மிஞ்சினால் போகலாம். அரை மணி விதியை இந்த ஒரு நாள் மட்டும் மீறுகிறோம், பகல் பயணம் என்பதால் விடுகிறேன்.

சாப்பாடு: சைவம் என்றால் வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தோஸ்தோனேஸ் கிடைக்கும், சோறும் கிடைக்கும். சோற்றோடு தருகிற பீன்ஸ் குழம்பில் பல இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், பொரித்த வாழைக்காயை இடித்துச் செய்கிற மொஃபோங்கோவிலும் அப்படியே. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். திரும்பும்போது சான் ஹுவான் விமான நிலையத்தில் பைகளை வேளாண் துறை ஸ்கேன் செய்யும், பழம் எதுவும் மூட்டை கட்டாதீர்கள்.

விசா சரியாக உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் டொபேகோவை யோசிக்கலாம். பூக்கூ பவளத்திட்டுப் பக்கம் நைலான் பூல் என்று நடுக்கடலில் ஒரு மணல்திட்டு, படகிலிருந்து இறங்கினால் இடுப்பளவு தண்ணீர். பார்படாஸ் என்றால் மேற்குக் கரைதான், கிழக்குக் கரை அலை குழந்தைகளுக்கு ஆகாது. அங்கே கடற்கரையில் சிவப்பு வண்ணம் அடித்த மரம் தெரிந்தால் மஞ்சினீல். சின்ன பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், மொத்தமும் நஞ்சு, பால் பட்டாலே தோல் கொப்பளிக்கும். எல்லா மரத்துக்கும் அடையாளம் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் மணலில் கிடக்கிற எந்தக் காயையும் குழந்தை எடுக்கக் கூடாது, மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், ஏப்ரலில் அந்தக் கவலை இல்லை.

எடிசன் நேயரே, தேதி முடிவானதும் எழுதுங்கள், திதி நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன். அடுத்த கேள்வி, குழந்தைகளுக்கு விமானத்தில் காது வலி பற்றி.