அளவெடுத்த பிறகு பிஸ்டன்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் பல வருடங்களாக என்ஜின் பிரித்துக் கட்டுகிற வேலை செய்பவன் நான். சில மாதங்களுக்கு முன் பொள்ளாச்சியிலிருந்து ஒரு டாக்சிக்காரர் தன் பழைய ஸ்விஃப்ட் டீசலைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பின் சீட்டில் ஓர் அட்டைப்பெட்டி. பிஸ்டன், ரிங் செட், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் மச்சான் மூலமாக வாங்கியாயிற்று. "சாமானெல்லாம் ரெடிங்ணா, மாட்டிக் குடுத்தா போதுங்க" என்றார். என்ஜினை அதுவரை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டியை வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்த வண்டியில் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட். 2007-இல் ஸ்விஃப்டில் வந்தது. டாடா, ஃபியட் வண்டிகளிலும் இதுவே ஓடியது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டாலும், நம் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடுகிறது. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 69.6 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 82. உள்ளங்கையில் அடங்குகிற பிஸ்டன். ஆனால் டர்போ அழுத்தித் தரும் காற்றோடு டீசல் எரியும்போது, அந்தச் சின்னத் தலையில் சுமார் 5 டன் பாரம் இறங்குகிறது. ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒரு முறை இப்படி அடி விழுகிறது. டர்போ என்ஜினுக்கு உள்சாமான் தேர்வு செய்யும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்ஜின் ஏன் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரித்தோம். என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் தார் மாதிரிக் கசடு. ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் பாதி அடைத்திருந்தது. டைமிங் செயின் தளர்ந்திருந்தது. இதன் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் செயினை இழுத்துப் பிடிக்கிறது. ஆயில் போனால் செயினும் போகும். நான்காவது சிலிண்டரில், கனெக்டிங் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்து, கிராங்க்கில் கோடு விழுந்திருந்தது. அந்தக் கனெக்டிங் ராடின் அடிப்பகுதி சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. நீலம் பாய்ந்த ராடை நான் திரும்ப மாட்டுவதே இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் சரி, மாட்ட மாட்டேன்.

அடுத்தது அளவு. போர் கேஜை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தோம். ரிங் திரும்புகிற மேல்பகுதியில் தேய்மானம் எல்லை தாண்டியிருந்தது. போரிங், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது, செய்தே ஆக வேண்டும். மச்சான் வாங்கிய ஸ்டாண்டர்ட், அதாவது கம்பெனி அளவுப் பிஸ்டனும் ரிங்கும் அந்த நிமிடமே பயனற்றுப் போயின.

அகலமான சிலிண்டருக்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பிளாக்கை லேத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு பிஸ்டனையும், ராடைக் கோக்கும் பிஸ்டன்-பின்னின் துளைக்குக் குறுக்கே, ஸ்கர்ட் என்ற கீழ்ச்சுவரில் அளந்து, அந்த அளவுக்குப் போரிங்கும், சுவரைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங்கும் செய்யச் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பிப் போரிங் போடாதீர்கள்.

டர்போ டீசல் பிஸ்டனில் நான் பார்க்கிற இன்னொன்று, மேல் ரிங் உட்காரும் பள்ளம். நல்ல பிஸ்டனில் அந்த இடத்தில் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை அலுமினியத்துக்குள்ளேயே வைத்து வார்த்திருப்பார்கள். கூர்ந்து பார்த்தால் அதன் நிறம் வேறாகத் தெரியும். வெறும் அலுமினியமாக இருந்தால், அந்தச் சூட்டிலும் அடியிலும் பள்ளம் சீக்கிரம் அகன்றுவிடும். தலையிலுள்ள கிண்ணத்தின் வடிவத்தையும் பிஸ்டன்-பின் இருக்கும் உயரத்தையும் பழைய பிஸ்டனோடு ஒப்பிடுங்கள். இந்த என்ஜினில் 75, 90 குதிரைத்திறன் என இரண்டு வகை ஓடுகின்றன. என்ஜின் நம்பரைக் காட்டித்தான் சாமான் கேட்க வேண்டும்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பந்தயப் பெட்ரோல் டர்போவில் பூஸ்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டுகிறவருக்கு அது தேவை. ஆனால் அதற்குப் பயன்படும் இரண்டு அலுமினியக் கலவைகளில் 2618 வகை சூட்டில் அதிகம் விரியும், அதனால் கூடுதல் இடைவெளி விட வேண்டும். காலையில் குளிர்ந்த என்ஜினில் தட்டும் சத்தம் கேட்கும். 4032 வகையில் சிலிக்கான் அதிகம், விரிவு குறைவு. கம்பெனி பூஸ்டிலேயே ஓடும் டாக்சிக்கு இரண்டுமே வேண்டாம்.

பேரிங்கில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். கனெக்டிங் ராடு பேரிங் இரண்டு அரைவட்ட ஷெல்களாக வரும். ராடு பக்கத்து மேல் பாதி எரிப்பின் முழு அடியையும் வாங்குகிறது. கீழே போல்ட்டில் மூடும் தொப்பிப் பக்கத்துப் பாதிக்கு அவ்வளவு பாரம் இல்லை. அதனால் பல டர்போ டீசல்களில் மேல் ஷெல்லுக்கு மட்டும் கெட்டியான தனிப் பூச்சு கொடுக்கிறார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றி மாட்டினால் பூச்சில்லாத ஷெல் அடியை வாங்கும். உறை மேல் எழுதியிருப்பதையும் ஷெல்லின் முதுகில் உள்ள குறியையும் படித்துவிட்டே மாட்டுங்கள். எங்கள் கிராங்கை 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கிரைண்டிங் செய்தோம். ஓரத்து வளைவை முன்பிருந்த ஆரத்திலேயே விடச் சொன்னேன். அது கூர்மையானால் கிராங்க் அங்கேதான் விரிசல் விடும். பேரிங்கும் மெலிந்த கிராங்குக்கேற்ற அதே 0.25 அண்டர்சைஸ். பெட்டியில் இருந்த பேரிங்கும் வீண்.

ரிங்கை ஒவ்வொன்றாக அதனதன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் இரு முனைகளும் முட்டி, பிஸ்டனையே உடைக்கும்.

பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே வரும் ஹெட் கேஸ்கெட்டில் தடிமன் முக்கியம். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் தளத்துக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜில் பார்த்து, அதற்கேற்ற தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோணம் வைத்து முறுக்கும் ஹெட் போல்ட், ராடு போல்ட் எல்லாம் புதுசாகவே இருக்கட்டும். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டர்போ டீசலை முழுக்கப் புது சாமானில் கட்டிக் கொடுத்தேன். ஆயில் கூலரைப் பழையதே போட்டேன். அதற்குள் ஒளிந்திருந்த உலோகத் துகள்கள் சில ஆயிரம் கிலோமீட்டரில் எல்லாப் பேரிங்கையும் தின்றுவிட்டன. வண்டிக்காரர் விவசாயி, கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார். மறுபடி என் செலவில் கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பேரிங் போன என்ஜினில் ஆயில் கூலர் புதுசு, ஆயில் பம்ப் சோதனை, டர்போவுக்கு ஆயில் போகும் குழாய் புதுசு. டர்போ தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு சின்ன அடைப்பு அதற்குப் போதும். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் கழுவி எடுங்கள். டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

டாக்சிக்காரரின் பெட்டியில் கடைசியில் உதவியது ஹெட் கேஸ்கெட்டும் ஆயில் சீல்களும்தான். பிஸ்டனைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். பேரிங்கின் உறை பிரிந்திருந்ததால் எடுக்கவில்லை.

என்ஜினைக் கட்டி முடித்ததும், இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை வெறும் ஸ்டார்ட்டரில் சுற்றினோம். அப்புறம்தான் டீசல். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வந்தார். ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தோம். அவரே டார்ச் பிடித்தார். மினுங்குகிற துகள் எதுவும் இல்லை.