சித்திரை வெயிலில் புங்க மரம் தளிர்ப்பது எப்படி?

[காட்சி: சென்னைத் தெரு, நண்பகல். புதுத் தளிரோடு ஒரு புங்க மரம்.]

மழை பெய்து மாதக்கணக்காகிறது. தார்ச்சாலையில் கால் வைக்க முடியவில்லை. இந்தப் புங்க மரத்தை மட்டும் பாருங்கள். கொஞ்ச நாள் முன்பு மொட்டையாக நின்றது, இப்போது பளபளவென்று இளம்பச்சையில் நிற்கிறது. யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதாகத் தெரியவில்லை.

இது புரிய, முதலில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

[காட்சி: நுண்ணோக்கியில் இலையின் அடிப்பக்கம்.]

இந்தச் சின்னச் சின்ன வாய்கள்தான் இலைத்துளைகள். கரியமில வாயு உள்ளே வருவது இந்த வழியாக. நீராவி வெளியே போவதும் இதே வழியாக. மரத்தின் தலைவலியே இதுதான். காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 0.04 சதவீதம்தான் இருக்கிறது. இலைக்குள்ளே முழுக்க ஈரம். வாயைத் திறந்தால் வருவது கொஞ்சம், போவது ஏராளம். ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடித்து உணவாக்குவதற்குள் 200, 300 நீர் மூலக்கூறுகள் பறந்துவிடும். மூடியே வைத்தால்? பட்டினி.

[காட்சி: இரண்டு காப்பு செல்கள் வீங்கி வளையும் அனிமேஷன்.]

ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பு செல்கள். காலை வெளிச்சம் பட்டதும் இவை பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், அதன் பின்னாலேயே தண்ணீரும் வரும். ஒரு பக்கம் ஒட்டுப் போட்ட சைக்கிள் டியூபில் காற்றடித்தால் வளைந்துகொள்ளுமே, அதே கதைதான். துளையை ஒட்டிய சுவர் தடிப்பு, வெளிச்சுவர் மெலிது. அதனால் செல்கள் வீங்கி வில்லாக வளைய, நடுவே வழி திறக்கிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும். பொட்டாசியம் வெளியேறும், தண்ணீரும் கூடவே போகும், செல்கள் துவண்டு வழி அடைபடும். மண்ணில் ஈரம் இருந்தாலும்கூட, உச்சி வெயிலில் பல மரங்கள் துளைகளைப் பாதி சாத்திவிடும். நாம் மதியம் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி.

சரி, வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீரை யார் ஏற்றுகிறார்கள்? மேலே வைத்து உறிஞ்சும் பம்பு எதுவும் சுமார் 10 மீட்டருக்கு மேல் இழுக்காது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களோ 100 மீட்டரைத் தாண்டுகின்றன. 1894இல் டப்ளினைச் சேர்ந்த விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் சொன்ன விடை இன்றும் நிற்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கின்றன. இலையில் ஒன்று ஆவியானால் கீழே உள்ளது மேலே வருகிறது. கிணற்றில் கயிறு இழுப்பது போல. என்ன, இங்கே கயிறே தண்ணீர்தான்.

[காட்சி: வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுபோகும் சைலக் குழாயில் நீர்த்தாரை அறுந்து காற்றுக்குமிழி உருவாகிறது.]

மண்ணில் நீரில்லாமல் இலை இழுத்துக்கொண்டே இருந்தால் இந்தக் கயிறு அறும். நீர் ஏறும் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகும், அந்தக் குழாய் அப்போதைக்குப் பயனற்றுப் போகும். நிறையக் குழாய்கள் இப்படிப் போனால் கிளையே காயும். காப்பு செல்கள் முன்கூட்டியே மூடுவது இந்த ஆபத்துக்கு அஞ்சித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் புங்கனுக்கு வருவோம். முதிர்ந்த இலைகளின் துளைகள் முன்போல இறுக்கமாக மூடாது. கசியும் குழாயை வைத்துக்கொண்டு கோடையைக் கடப்பானேன்? மரம் அவற்றை உதிர்த்துவிடுகிறது. தெரு கூட்டுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். இலை போனதும் செலவு சட்டென்று குறைகிறது, ஆனால் ஆழத்தில் இருக்கும் வேருக்கு இன்னும் ஈரம் கிடைக்கிறது. வரவு மட்டும் தொடர்வதால் தண்டும் கிளைகளும் மெல்ல நீரால் நிறைகின்றன. மொட்டு விரிய அந்த அழுத்தம் போதும். மழைக்குக் காத்திராமல் புங்கன் தளிர்ப்பது இந்தச் சேமிப்பை வைத்துத்தான்.

[காட்சி: இலைக்கொத்தில் கட்டிய பாலித்தீன் பை.]

இலை வழியாக நீர் வெளியேறுவதை நீங்களே பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு ஓர் இலைக்கொத்தில் பாலித்தீன் பையை மாட்டி, நூலால் வாயைக் கட்டுங்கள். பக்கத்தில் இலையில்லாத குச்சி ஒன்றிலும் அதேபோல ஒரு பை. ஒரு மணி நேரம் கழித்து வந்து இரண்டையும் பாருங்கள்.