ஊட்டி வேலியில இருக்கிறது பச்சோந்தியா?

அடுத்த கேள்வி ஊட்டியில இருந்து. "எங்க வேலிச் செடியில பச்சைக் கலர்ல, முதுகுல முள்ளு முள்ளா ஒண்ணு இருக்கு. காலையில கருப்பா இருந்தது, வெயில் வந்ததும் பச்சையாயிடுச்சு. பச்சோந்திதானே சார்? வேலியை வெட்டப் போறோம். பிடிச்சு மேட்டுப்பாளையம் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாமா?"

தயவுசெய்து விடாதீங்க. அது பச்சோந்தி இல்ல, ஓணான் குடும்பம். விஞ்ஞானப் பேரு சாலியா ஹார்ஸ்ஃபீல்டியை. ஊட்டி மாதிரி உசரமான, குளிரான மலைமேலதான் இருக்கும். மேட்டுப்பாளையம் எவ்வளவு கீழ இருக்கு, எவ்வளவு சூடுன்னு நான் சொல்லணுமா! அங்க விட்டா அதுக்குத் தண்டனைதான்.

நிறம் மாறினா பச்சோந்தின்னு எல்லாரும் முடிவு பண்ணிடறாங்க. தோட்டத்து ஓணான் கூடத்தான் நிறம் மாறும். இனப்பெருக்கக் காலத்துல ஆணுக்குத் தலையும் கழுத்தும் செக்கச்செவேல்னு ஆகிடும். அதைப் பார்த்துட்டு ரத்தம் குடிக்குதுன்னு கல்லால அடிக்கறாங்க, பாவம். செஞ்சி மாதிரிப் பாறைக் குன்றுகள்ல ஒரு பாறை ஓணான் இருக்கு. பொம்பளை பழுப்பாவே இருக்கும், ஆம்பளை சீசன்ல மேல சிவப்பு, பக்கவாட்டுல கருப்பு. நம்ம பார்த்துட்டு இருக்கும்போதே கலர் மாறும்.

அதனால நிறத்தை விடுங்க, கண்ணையும் காலையும் பாருங்க. பச்சோந்திக்கு ஒரு கண்ணு முன்னாடி பார்க்கும், இன்னொண்ணு பின்னாடி பார்க்கும். கால் விரல்கள் ரெண்டு ஒரு பக்கம், மூணு ஒரு பக்கம்னு சேர்ந்து, கிளையை இடுக்கி மாதிரி பிடிச்சிருக்கும். வாலை கிளையில சுத்திக்கும். உங்க வேலியில இருக்கறதுக்கு விரலெல்லாம் தனித்தனியா விரிஞ்சிருக்கும், கண்ணு ரெண்டும் நம்ம ஓணான் கண்ணு மாதிரியே இருக்கும். இந்தியாவுல இருக்கறது ஒரே ஒரு பச்சோந்தி இனம்தான். அதுக்குப் பிடிச்ச இடம் சமவெளியோட வறண்ட காடு, முள்ளுக்காடு. பச்சைன்னாலே மலைன்னு நினைக்கறோம், இது அப்படியே தலைகீழ்.

நம்ம ஊர்ல ஒவ்வொரு ஓணானுக்கும் ஒரு உசரம், ஒரு ஈரம் இருக்கு. புதுச்சேரியில கிடைச்சதை வச்சு 1829-லயே பேர் வாங்கின சித்தானாங்கற ஓணான் இருக்கே, அது மணல்லயும் புதர்க்காட்டுலயும் ரெண்டு கால்ல எழும்பி ஓடும். பின்னங்கால்ல நாலே விரல்தான். டாப்ஸ்லிப் மாதிரி ஈரக் காட்டுல, விலா எலும்பை விரிச்சு மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கற ஓணான் இருக்கு. அதுவும் முட்டையிட மட்டும் தரைக்கு வந்தாகணும். உங்க சாலியாவுக்கு ஆனைமலை, மூணாறு உச்சிகள்ல இன்னொரு சொந்தக்காரன் உண்டு, சாலியா ஆனைமலையானா. நடுவுல பாலக்காட்டுக் கணவாய், மலைத்தொடர்ல விழுந்த பெரிய இடைவெளி. குளிரோட பழகினதுங்க, அவ்வளவு தாழ்வான, சூடான இடத்துல இறங்கித் தாண்டிப் போக முடியாது.

இதனாலதான் எனக்குக் கவலை. பூமி சூடாகிட்டே போனா, கீழ இருக்கற பிராணிக்குக் கொஞ்சம் மேல நகர இடம் இருக்கும். ஊட்டியில இருக்கறது எங்க போகும்? தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதுக்கு மேல நீலகிரி இல்ல. புல்வெளியும் சோலையும் ஏற்கெனவே தேயிலை, சீகை மரம் (வாட்டில்), யூகலிப்டஸ்னு போயிடுச்சு. மிச்சம் இருக்கற புதரும், உங்க வேலி மாதிரி அடர்த்தியான செடியும்தான் அதுக்கு வீடு.

வேலியை வெட்டக் கூடாதுன்னு சொல்லல. ஒரே நாள்ல மொட்டையடிக்காதீங்க, ஒரு பக்கம் வெட்டிட்டு, அது தழைச்ச அப்புறம் அடுத்த பக்கம். காலைக் குளிர்ல அதுங்களால ஓட முடியாது, கத்திரிக்கோல்ல மாட்டிக்கும். நல்லா வெயில் ஏறின பிறகு ஆரம்பிங்க. அடி மண்ணைக் கிளறாதீங்க, முட்டையை மண்ணுக்குள்ளதான் போடும். இன்னும் சந்தேகம் இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்க, கால் விரல் தெரியற மாதிரி எடுங்க.