பல் தேய்த்தும் வாய் நாற்றம் போகவில்லையே, ஏன்?

அடுத்த கேள்வி கடலூர் முதுநகரிலிருந்து வந்திருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்கிறார், சரி. "டாக்டர், எனக்கு வயது 46. இரண்டு வேளையும் பல் தேய்க்கிறேன், நாக்கு வழிக்கிறேன், சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு இருக்கும். அப்படியும் வாய் நாறுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேய்க்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம் வரும், அது சூடு என்று விட்டுவிட்டேன். வயிற்றில் ஏதாவது கோளாறா?"

ஐயா, போகிற போக்கில் ரத்தம் என்று ஒன்று சொன்னீர்களே, பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில், உங்களுக்கு ஏன் தெரியவில்லை? உங்கள் ஊரிலேயே கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள், வாசனையா, எங்கே என்பார்கள். மூக்கு பழகிவிடும். அதனால் வீட்டில் சொல்வதை நம்புங்கள். சோதித்துப் பார்க்க ஆசையாக இருந்தால், கடைவாய்ப் பல் இடுக்கில் சுத்தமான நூலை விட்டு இழுத்து, அதை மோந்து பாருங்கள். கோபம் போய்விடும்.

வயிறு என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். மாதக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை போட்டுவிட்டுக் கடைசியில் பல் டாக்டரிடம் வருவார்கள். தீராத வாய் நாற்றம் உள்ள பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது காரணம் வாய்க்குள்ளேயேதான் இருக்கும். ஒன்று நாக்கின் பின்பகுதியில் படியும் மாவு, இன்னொன்று ஈறு.

ஈறு பல்லோடு ஒட்டும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு சின்ன இடுக்கு உண்டு. நல்ல ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அங்கே அழுக்கு சேர்ந்து, கெட்டியாகிக் காரையானால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும். பிறகு ஈறு பல்லை விட்டு விலகி, இடுக்கு 5, 6 மில்லிமீட்டர் பையாக ஆகிவிடும். அவ்வளவு ஆழத்துக்கு பிரஷ் போகாது, கிராம்பும் போகாது. காற்றும் அவ்வளவாகப் போகாது, அதுதான் விஷயம். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது சொந்த வீடு. ரத்தத்திலும் செத்த செல்களிலும் இருக்கும் புரதத்தை அவை சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வரும். ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். இன்னொன்று மீத்தைல் மெர்காப்டன், ஈறு நோயில் இதுதான் தூக்கலாக இருக்கும். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டரில் எத்தைல் மெர்காப்டன் கலக்கிறார்களே, அதற்கு இது பங்காளி. வாய் நாற இது கொஞ்சம் இருந்தாலே போதும் என்பது இப்போது புரிகிறதா?

ஆகவே சூடு இல்லை ஐயா, இளநீர் குடித்தால் நிற்காது. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் இன்னும் மோசமாகிறது. மென்மையான பிரஷ்ஷால் ஈறோரத்தைத் தேய்க்கத்தான் வேண்டும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ரத்தம்கூட அவ்வளவாக வராது, நோய் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

மவுத்வாஷ் கேட்பீர்கள். குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்துதான், ஆனால் கொப்பளித்தால் அதுவும் பையின் அடிவரை இறங்காது. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போதும், வழக்கமாக இரண்டு வாரம். மாதக்கணக்கில் ஊற்றினால் பல்லில் பழுப்புக் கறை விழும், சாப்பாட்டு ருசி மாறும்.

செய்ய வேண்டியது ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது. பை ஆழமாக இருந்தால் ஈறுக்குக் கீழே வேரையும் சுத்தம் செய்ய வேண்டும். உடனே, "க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்கிறார்களே" என்பீர்கள். தினமும் கேட்கிறேன் இதை. பல்லைச் சுற்றி எலும்பு ஏற்கெனவே கரைந்து, காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் உள்ள நிலைமை தெரிகிறது, அவ்வளவுதான். பழி நம் மேல். வீக்கம் வடிவதால் பல்லிடுக்கில் சந்து தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும், உண்மைதான். ஈறு மட்டும் வீங்கிய கட்டத்தில் வந்தால் முழுக்கச் சரியாகும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

செலவு யோசனையாக இருந்தால் பக்கத்திலேயே சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரி கோரிமேட்டில் அரசுக் கல்லூரியும் இருக்கிறது. ஈறுக்கென்றே தனிப் பிரிவு, அங்கே போய் "பை ஆழம் பாருங்கள்" என்று கேளுங்கள். கோடு போட்ட மெல்லிய கம்பியால் அளப்பார்கள்.

அப்புறம், உங்கள் வயதுக்கு சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சரி, அடுத்தது நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா, பேரனுக்குப் பால் பல் சொத்தை என்கிறார்.