பழைய கண்ட்ரோல் லைன் விமானம்: மூக்கில் எந்த இன்ஜின்?

[காட்சி: மேசை மேல் 42 அங்குல இறக்கை கொண்ட பழைய பால்சா மர விமானம். மூக்கில் நான்கு துளை மட்டும்.]

வணக்கம். கையில் ஒரு பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பி, மறுமுனையில் நம்மைச் சுற்றி வரும் விமானம். என்சிசி ஏர் விங்கில் இருந்தவர்களுக்கு, இப்படிக் கம்பியை இழுத்தே விமானத்தை ஏற்றி இறக்கும் கண்ட்ரோல் லைன் பழகிய விஷயம்தான். பழைய விமானம் கைமாறும்போது பல நேரம் இன்ஜினைக் கழற்றிக்கொண்டுதான் கொடுப்பார்கள். அப்போது எவ்வளவு சக்தி வேண்டும் என்று யோசிப்பதற்கு முன், அந்த மூக்கு எவ்வளவு எடை கேட்கிறது என்று பாருங்கள்.

முதலில் மூக்கை அழுத்திப் பாருங்கள். எண்ணெய் ஊறி மரம் மெத்தென்று இருந்தால் எந்த இன்ஜினும் நிற்காது. அந்தப் பகுதியை வெட்டி மாற்றியே ஆக வேண்டும்.

[காட்சி: மூன்று இன்ஜின்கள் வரிசையாக.]

இன்ஜினில் 15, 25, 35, 46 என்று எண் இருக்கும். அது கன அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக் கணக்கு. 15 என்றால் சுமார் 2.5 சிசி, 25 என்றால் 4, 35 என்றால் 5.7, 46 என்றால் 7.5 சிசி. ஃபாக்ஸ் நிறுவனத்தின் பழைய 35 இன்ஜின் சைலன்சர் இல்லாமல் 200 கிராமுக்கும் குறைவு. 46 வகை சைலன்சரோடு கால் கிலோவைத் தாண்டும். அந்த வித்தியாசம் முழுவதும் மூக்கு நுனியில் உட்கார்ந்தால் விமானம் வளையவே மறுக்கும். ரொம்ப லேசாகப் போனால் வால் கனத்துத் துள்ளும். இதுதான் கூடுதல் ஆபத்து.

அதற்காகச் சக்தியைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. 60 அடிக் கம்பியில் ஒரு கிலோ விமானம் 5.2 விநாடிக்கு ஒரு சுற்று வந்தால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். கம்பியில் இழுப்பு ஏறக்குறைய 2.7 கிலோ. தலைக்கு நேர் மேலே வரும்போது அதில் ஒரு கிலோ கழிந்துவிடும். வேகம் 60 ஆகக் குறைந்தால் உச்சியில் மிஞ்சுவது அரை கிலோதான். ஒரு காற்று வீசினால் கம்பி தொய்ந்து கட்டுப்பாடே போய்விடும். மதுரை வெயிலில் காற்று மெலிந்து இன்ஜின் சக்தியும் கொஞ்சம் குறையும் என்பதால் விடியற்காலையில் பறக்க விடுங்கள். கோடையில் வற்றிய கண்மாய் நல்ல இடம், சீமைக் கருவேலம் இல்லாத பக்கமாக. மின்கம்பி அருகே மட்டும் வேண்டவே வேண்டாம். நம் கையில் இருப்பதும் எஃகுக் கம்பி.

42 அங்குல விமானத்துக்கு நான் சொல்வது 25. 9 அங்குல புரொப்பெல்லரோடு போதுமான இழுப்பு, எடையும் மிதம்.

[காட்சி: புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுதல். பற்றவைக்கும் பிளக்குக்கு மின்சாரம் இணைக்கப்படவில்லை.]

இன்ஜினும் பழையதாக வந்தால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுந்தும் காற்று, கையைத் திருப்பித் தள்ள வேண்டும். பிஸ்டன் மேலே இருக்கும்போது லேசாக ஆட்டிப் பார்த்தால் பிஸ்டனை இயக்கும் கனெக்டிங் ராடில் பிளே, அதாவது தளர்வு, இருந்தால் தெரியும். இறுகிப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் காய்ந்ததுதான், மிதமாகச் சூடாக்கினால் இளகும். பேரிங்கில் கரகரப்பு இருந்தால் துரு. ரேடியோ விமானத்து இன்ஜின் என்றால் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வென்சூரி, அதாவது திறந்து மூடாத குறுகிய காற்றுக் குழாய், போடுங்கள். கார்புரேட்டரை முழுக்கத் திறந்து கட்டினால் அதன் வாய் பெரிதாகிவிடும். வளைவுகளில் எரிபொருள் உறிஞ்சுவது தடுமாறும்.

சரி, எரிபொருள். மெத்தனாலும் எண்ணெயும் கலந்தது, வேண்டுமானால் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். பழைய ஃபாக்ஸ் 35 போன்றவற்றுக்கு எண்ணெய் 28 சதவீதம் வரை வேண்டும், அதில் பெரும்பங்கு விளக்கெண்ணெய். ரேடியோ கார்களுக்கு விற்கும் எரிபொருளில் எண்ணெய் மிகக் குறைவு. அதை ஊற்றினால் ராடு தேய்ந்துவிடும்.

மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. ஆகவே, சட்டப்படி எரிபொருள் கிடைக்க வழி உண்டா என்று உறுதிசெய்த பிறகே இன்ஜினுக்குப் பணம் கொடுங்கள்.

வழி இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மின் மோட்டார் போடலாம். மதுரையில் தனியாகத் தொடங்குகிறவருக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சுமார் 180 கிராம். டேங்க் காலியாகும்போது மூக்கு லேசாவது போல் இதில் எடை மாறாது. பேட்டரியை முன்பின் நகர்த்தியே சமநிலை பிடித்துவிடலாம். ஒரு டைமர் வைத்து, 4 நிமிடத்தில் மோட்டார் நிற்கும்படி அமையுங்கள். மிச்சமுள்ள வேகத்தில் அரைச் சுற்றுக்குமேல் மிதந்து இறங்கும்.