வழுதூரில் கேஸ் எடுக்கிறார்கள், நமக்கு ஏன் விலை ஏறுகிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "தம்பி, நம்ம ராமநாதபுரம் மண்ணுல கேஸ் எடுத்து வழுதூர்ல கரண்ட் தயாரிக்கிறாங்க. அப்புறம் ஏன் நமக்கு சிலிண்டரும் கரண்ட் பில்லும் இப்படி ஏறுது?"

நியாயமான கேள்விதான் அக்கா. ஓ.என்.ஜி.சி. கிணறுகள் இங்கேதான் இருக்கின்றன. வழுதூர் மின் நிலையமும் இங்கேதான், இரண்டு அலகும் சேர்ந்து 187 மெகாவாட். ஆனால் அங்கே எரிகிற கேஸ் வேறு, உங்கள் அடுப்பில் எரிகிற கேஸ் வேறு.

மண்ணிலிருந்து வருவது பெரும்பாலும் மீத்தேன். அதைத் திரவமாக்க மைனஸ் 162 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். அதனால் வீட்டுக்குக் குழாயில்தான் வர முடியும். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புகிறதே, அதுதான். இதில் நாட்டின் தேவைக்குப் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து. சவுதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதாமாதம் சொல்கிற விலைதான் அடிப்படை. சென்னையில் 2023 மார்ச்சில் ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். அந்த மார்ச்சுக்கு அடுத்த மாதம் என்ன தேர்தல் என்று உங்களுக்கே தெரியும். 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏறியது.

சரி, நம் மண்ணிலிருந்து வருகிற கேஸாவது மலிவா? அதற்கும் டாலரில்தான் விலை. முன்பு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யச் சந்தை விலைகளை வைத்துக் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு (பி.டி.யு. என்பது சூட்டை அளக்கிற அலகு) 2.90 டாலர். ஒரே வருடத்தில், உக்ரைன் போருக்குப் பிறகு, 8.57. கிணறு அதே கிணறுதான்! 2023 ஏப்ரலிலிருந்து கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று மாற்றி, 6.50 டாலர் உச்சவரம்பு வைத்தார்கள். 2025-இல் அது 6.75 ஆனது.

கரண்ட் பில்லுக்கு வழுதூரைக் குறை சொல்ல வேண்டாம். மாநிலம் முழுக்க ஒரே கட்டணம், அதில் வழுதூரின் பங்கு சின்னது. 2024 ஜூலையில் ஏறிய 4.83 சதவீதம் சென்னைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். சிலிண்டர் விலைக்குப் பயந்து பலர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிறார்கள். என் கணக்கில், ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு இண்டக்‌ஷனில் ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் ஏற்கெனவே 400 யூனிட் ஓட்டுகிற வீடு அதோடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய்விடும். வெந்நீருக்கு மட்டும் சீமைக்கருவேல விறகு வைத்துக்கொள்கிறவர்களை நான் பழமைவாதி என்று சொல்ல மாட்டேன். புகைதான் கண்ணைக் கெடுக்கும், வெளியே வைத்து எரியுங்கள்.

உங்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் வந்தால், ஒரு கனமீட்டர் என்ன விலை என்று கேட்டு 18-ஆல் பெருக்குங்கள். 14.2 கிலோ சிலிண்டர் தருகிற சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தொகையைச் சிலிண்டர் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டு இணைப்புக்குக் கையெழுத்துப் போடுங்கள்.